சின்ன காஞ்சிபுரத்துக் கொல்லைகள்: யாரை அமர்த்துவது, எதைக் காப்பது?

வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் கொல்லையோ, வாசலில் பத்தடி மண்ணோ மிஞ்சியிருக்கும் சின்ன காஞ்சிபுரத்துக் குடும்பங்கள் இன்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கின்றன: இந்த இடத்தை என்ன செய்வது? சிமென்ட் போட்டு மூடிவிடலாம். சென்னையிலிருந்து லேண்ட்ஸ்கேப் காண்ட்ராக்டரை வரவழைத்துப் புல்தரை விரிக்கலாம். அக்கம்பக்கத்தில் தெரிந்த தோட்டக்காரரை மாதம் இரண்டு முறை வரச்சொல்லி, மண்ணை மண்ணாகவே வைத்துக்கொள்ளலாம். மூன்று வழிக்கும் ஊரில் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். மூன்றுக்கும் செலவு உண்டு.

இந்த மூன்று வழிகளையும் நீர், மண், மரம், பூச்சி, மனித உழைப்பு என்ற ஐந்து பக்கங்களிலிருந்தும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கொல்லையின் நலம் அதை அமைக்கும் வாரத்தில் முடிவாகிவிடுவதில்லை. ஆண்டு முழுக்க அதில் படும் கையைப் பொறுத்தது. ஆகவே அமைப்புக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதியைப் பராமரிப்புக்குத் திருப்பவேண்டும். அதையும் இந்த மண்ணையும் மழையையும் அறிந்த உள்ளூர் ஆளுக்கு, முறையான கூலியாகத் தரவேண்டும்.

நந்தவனம் சொல்லும் முறை

இந்த முடிவுக்குச் சின்ன காஞ்சிபுரத்திலேயே பழைய முன்னுதாரணம் இருக்கிறது. அத்திகிரி என்னும் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த பகுதி இது. பெருமாளுக்கு நாள்தோறும் மாலை வேண்டும். மாலைக்குப் பூ வேண்டும். பூவுக்குத் தோட்டம் வேண்டும். இராமானுசர் காலத்தவரான திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் நந்தவனம் வைத்து, அங்கிருந்து வரதருக்குப் பூ கொண்டுவந்து சமர்ப்பித்தார் என்பது வைணவ மரபு. தோட்ட வேலையே அவருக்குத் தொண்டாக இருந்தது.

தமிழகக் கோயில் கல்வெட்டுகளில் நந்தவனக் கொடைகள் நிறைய வருகின்றன. அவற்றைக் கூர்ந்து படித்தால் ஒரு செய்தி தெளிவாகத் தெரியும். கொடையாளிகள் தோட்டத்துக்கு நிலம் விட்டதோடு நிறுத்தவில்லை. அந்தத் தோட்டத்தில் உழைப்பவர்களின் சீவனத்துக்கென்று தனியாக விளைநிலமும் விட்டார்கள். அப்படி விடப்பட்ட நிலத்துக்குத் திருநந்தவனப்புறம் என்று பெயர். பூச்செடி நட்டவர் போய்விடுவார், நீர் இறைப்பவரும் களை பறிப்பவரும் நாளையும் சாப்பிடவேண்டும் என்ற கணக்கு அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது. தோட்டத்தையும் தோட்டக்காரரையும் ஒரே செலவாக எண்ணிய ஏற்பாடு அது. இன்றைய வீட்டுத் தோட்டங்களில் காணாமல் போயிருப்பது அதுதான்.

பழைய கொல்லை எப்படி இயங்கியது

இந்த ஊரின் நெசவாளர் வீடுகளும் கோயிலைச் சார்ந்தோர் வீடுகளும் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. திண்ணை, ரேழி, வானம் பார்த்த முற்றம், கூடம், அடுக்களை, கடைசியில் கொல்லை என்று வரிசையாகப் போகும். நெசவு வீட்டில் கூடத்தில் குழித்தறி இருக்கும். பாவு நீட்டுவதற்குத் தெருவே களம். வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகவும் கொல்லையின் வழியாகவும்தான் வந்தாகவேண்டும். இரண்டையும் அடைத்துவிட்டால் நடுவில் தறியில் உட்கார்ந்திருப்பவருக்குப் புழுக்கம்தான் மிஞ்சும்.

கொல்லையில் கிணறும் துவைகல்லும் இருந்தன. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாழைக்கும் சேம்புக்கும் போயின. தென்னை இரண்டு, முருங்கை ஒன்று, கறிவேப்பிலை, எலுமிச்சை, வேலியோரம் மருதாணி, செம்பருத்தி, நந்தியாவட்டை, துளசி மாடம். காஞ்சிபுரத்துக் குடலை இட்லிக்கு விரிக்கும் மந்தாரை இலையும் இத்தகைய மரவகையிலிருந்து வந்ததுதான். மாட்டுக் கொட்டில் இருந்த வீடுகளில் எருக்குழி இருந்தது. இந்தக் கொல்லையை யாரும் வரைபடம் போட்டு அமைக்கவில்லை. வீட்டுப் பெண்களின் அன்றாட உழைப்பும், அவ்வப்போது வந்து பாத்தி கட்டி மரம் கழித்துக் கொடுத்த தொழிலாளிகளின் உழைப்பும் சேர்ந்து அதை நடத்தின.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1914-15 காலத்தில் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். காஞ்சிபுரத்தின் அமைப்பை அவர் மனம்விட்டுப் பாராட்டினார். கோயில்கள், அகன்ற தெருக்கள், தோட்டங்களோடு கூடிய வீடுகள் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்திய திட்டமாக இவ்வூர் அவருக்குத் தெரிந்தது. பிறகு 1918-இல் இந்தூருக்கு எழுதிய அறிக்கையில், நகரத்துக் கழிவைத் தோட்டத்துக்கு உரமாக்கினால் நோயும் குறையும், விளைச்சலும் பெருகும் என்று வற்புறுத்தினார். நம் கொல்லைகள் அந்த வேலையை முன்பே செய்துகொண்டிருந்தன.

நாற்பதாண்டு மாற்றம்

வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து, அத்திமரத் திருமேனியான அத்திவரதர் 1979-இல் எழுந்தருளினார். அடுத்து 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை. இந்த இரண்டு தரிசனங்களுக்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் ஊரின் கொல்லைகள் பெரிதும் சுருங்கின. பாகப்பிரிவினையில் நீளமான மனைகள் துண்டாயின. கொல்லையில் இன்னொரு வீடு எழும்பியது. கிணற்றின் வேலையை ஆழ்குழாய்க் கிணறு எடுத்துக்கொண்டது; தூர்ந்த கிணற்றின்மேல் கழிவறை வந்தது. வாகனம் நிறுத்த வாசல் மண்ணின்மேல் பேவர் பிளாக் பதிந்தது. நெசவை விட்டு வேறு வேலைக்குப் போனவர்களுக்குப் பகலில் வீட்டில் இருக்க நேரமில்லை. 2021-இல் காஞ்சிபுரம் மாநகராட்சியானபோது, மனையின் விலை ஏறியிருந்தது. மனைக்குள் இருந்த மண்ணின் மதிப்பு இறங்கியிருந்தது.

இந்தச் சூழலில்தான் சிமென்ட், புல்தரை, தோட்டக்காரர் என்ற மூன்று வழிகளும் நம் முன் நிற்கின்றன.

சிமென்ட்: வெப்பமும் வெள்ளமும்

சிமென்ட் தரைக்குச் சொல்லப்படும் காரணங்களில் நியாயம் இருக்கிறது. சேறு இல்லை, பாம்பு பயம் குறைவு, பெருக்குவது எளிது, வயதானவர்கள் வழுக்கி விழாமல் நடக்கலாம். வீட்டு வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை நடைபாதைக்கு அது பொருத்தம்தான். முழுத் தரையையும் மூடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பகலில் வாங்கிய வெயிலைச் சிமென்ட் இரவில் வீட்டுக்குள் திருப்பி விடுகிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் மண்ணுக்குள் இறங்கவேண்டிய நீர் தெருவுக்கு ஓடி, அங்கிருந்து வேகவதி ஆற்றை நோக்கிப் போகிறது. வழியில் தாழ்வான தெருக்களில் தேங்குகிறது.

மரங்களும் இதற்கு விலை கொடுக்கின்றன. அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசினால் வேருக்குக் காற்றும் நீரும் போவதில்லை. நடைபாதைக்காகப் பக்கவேரை வெட்டினால் பிடிமானம் போய்விடுகிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு வரவுகள் அதிகம் விழுந்தன என்று அப்போது பரவலாகச் சுட்டிக்காட்டப்பட்டது. வேர் விரிய இடமில்லாத மரம் எந்த இனமானாலும் காற்றுக்கு நிற்காது. மரத்தைச் சுற்றிக் குறைந்தது ஆறடி விட்டத்துக்கு மண் திறந்திருக்கவேண்டும் என்பதை வீடு கட்டும் மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

புல்தரை: ஒரு நீர்க்கணக்கு

புல்தரை பார்க்க அழகு, குழந்தைகள் விளையாடலாம். அதன் நீர்த்தேவையைக் கணக்குப் போட்டால்தான் உண்மை புரியும். நம் கோடையில் வெயிலும் காற்றும் சேர்ந்து நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீரைப் பசும்பரப்பிலிருந்து இழுத்துவிடும். 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு 465 லிட்டர் வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்பது அரசின் குடிநீர் வழங்கல் அளவுகோல். அதாவது அந்தப் புல்தரை மூன்று பேருக்கு மேற்பட்டோரின் நீரைக் குடிக்கிறது.

இதையே மழையோடு வைத்துப் பார்க்கலாம். காஞ்சிபுரத்தில் ஆண்டு மழை சராசரியாக ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஆயிரம் மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 93,000 லிட்டர் விழும். ஆவியாவதும் வழிவதும் போக ஐந்தில் நான்கு பங்கைச் சேமித்தாலும் 74,000 லிட்டர் கிடைக்கும். ஓர் ஆண்டு முழுக்க மாடி தரும் அந்த நீரை, அதே அளவுள்ள புல்தரை ஐந்தே மாதத்தில் தீர்த்துவிடும். பாலாற்றுப் படுகையை நம்பிக் குடிநீர் பெறும் ஊருக்கு இது தாங்காது.

இந்தச் சிக்கல் நம்மோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஆய்வு, அந்நாட்டின் புல்தரைப் பரப்பை ஏறத்தாழ 1.6 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர்தான். அந்நாட்டின் வறண்ட மாநிலங்களில் இன்று புல்லை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடி வைப்பவர்களுக்கு நகர நிர்வாகங்கள் பணம் கொடுக்கின்றன. அவர்கள் கைவிட முயலும் வழக்கத்தை நாம் புதிதாகத் தொடங்கவேண்டியதில்லை. குழந்தைகள் விளையாட ஐம்பது, அறுபது சதுர அடிப் புல் போதும். மீதி இடம் நிழலுக்கும் பூவுக்கும் காய்க்கும் ஆகட்டும்.

நமக்கு அருகிலேயே வேறு மாதிரிகள் உள்ளன. யாழ்ப்பாணத்து வளவுகளில் கிளுவையும் பூவரசும் உயிர்வேலியாக நின்று, தழையுரமும் தந்து, மறைப்பும் தந்தன. கேரளத்து வீட்டுத் தோட்டத்தில் தென்னைக்குக் கீழே பாக்கு, அதற்குக் கீழே மிளகுக் கொடி, தரையில் சேனையும் மஞ்சளும் என்று அடுக்கடுக்காகப் பயிர் நிற்கும். அந்த மழை நமக்கில்லை என்றாலும், நிழலை அடுக்கி நீரை மிச்சப்படுத்தும் முறை நமக்கும் பொருந்தும்.

யாரை அமர்த்துவது?

தோட்ட வேலைக்கு ஆள் வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் இது நான்கு தனித்தனித் தொழில்.

முதலாமவர் தினக்கூலித் தோட்டக்காரர். களை எடுப்பது, பாத்தி கட்டுவது, கவாத்து, எரு போடுவது எல்லாம் அவர் வேலை. நான்கு பேரிலும் கொல்லைக்கு அதிகம் தேவைப்படுபவர் இவரே. குறைவாகக் கூலி பெறுபவரும் இவரே. இந்த வேலையில் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஒரே வேலைக்கு ஆண், பெண் கூலியில் வேறுபாடு கூடாது என்று 1976-இலேயே சட்டம் வந்துவிட்டது. வீட்டுக் கொல்லைக்குள்ளும் அதைக் கடைப்பிடிக்கவேண்டும்.

இரண்டாமவர் மரம் ஏறுபவர். தேங்காய் பறிப்பதும் மட்டை கழிப்பதும் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, கருவியால் ஏறும் முறையைக் கற்றுக்கொடுத்தது. ஏறுபவர்களுக்கு விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் அந்த வாரியத்தில் உண்டு. நம் வீட்டுக்கு வருபவர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் சேர உதவுவது வீட்டுக்காரரின் பொறுப்பு.

மூன்றாமவர் நர்சரிக்காரர். இங்கே விற்கும் செடிகளில் பல ஆந்திரத்தின் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை. வேரைச் சுற்றிக் களிமண் இறுகியிருந்தால், நடும்போது அதை மெல்லத் தளர்த்திவிடவேண்டும். இல்லையென்றால் வேர் வெளியே பரவாமல் செடி ஓராண்டுக்குள் சோர்ந்துவிடும். செடி இந்த மண்ணுக்குப் பழகியதா, உள்ளூரில் பதியம் போட்டதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

நான்காமவர் லேண்ட்ஸ்கேப் காண்ட்ராக்டர். நீர் வடிகால், மண் நிரவல், சொட்டுநீர்க் குழாய், பெரிய மரத்தை இடம் மாற்றுவது போன்றவற்றுக்கு அவருடைய அனுபவம் தேவை. புதுவீடு கட்டும்போது, கட்டடக் கழிவு மண்ணில் கலப்பதற்கு முன்பே அவரை அழைப்பது பயன் தரும். ஆனால் பல ஒப்பந்தங்களில் நடுவதற்குப் பெருந்தொகை இருக்கும்; முதல் ஓராண்டுப் பராமரிப்புக்கு ஒன்றும் இருக்காது. பட்டுப்போகும் செடியை யார் மாற்றித் தருவது என்பதும் எழுதியிருக்காது. இந்த இரண்டும் எழுத்தில் இல்லாமல் முன்பணம் தரக்கூடாது.

யாரை அமர்த்தினாலும் சில கேள்விகளை வெளிப்படையாகக் கேட்கலாம். இந்தப் பகுதியில் அவர் பார்த்துக்கொள்ளும் இரண்டு தோட்டங்களைக் காட்டுவாரா? அவற்றில் ஓராண்டுக்கு மேலானது எது? பூச்சி வந்தால் முதலில் என்ன செய்வார்? மருந்து அடிப்பேன் என்பது முதல் பதிலாக வந்தால் யோசிக்கவேண்டும். இலையைத் திருப்பிப் பார்ப்பேன் என்பவரை நம்பலாம். வெட்டிய கிளையை எங்கே போடுவார்? மின்கம்பிக்கு அருகில் கிளை இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே கைவைப்பாரா?

நம் பக்கத்துக் கடமைகளும் அதே அளவு முக்கியம். நாளை முன்பே குறித்து, கூலியை அன்றே கொடுக்கவேண்டும். வெயில் ஏறுமுன் காலையில் வேலையைத் தொடங்க ஒப்புக்கொள்ளவேண்டும். குடிநீரும், கழிவறையும், உட்கார நிழலும் தரவேண்டும். கையுறை, அரிவாள், கவாத்துக் கத்திரி நல்ல நிலையில் இருக்கவேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவிலும், மாநிலத்தின் நல வாரியங்களிலும் சேர அவருக்கு உதவலாம். தோட்டக்காரர் பணிக்கு இந்திய வேளாண் திறன் கவுன்சில் பயிற்சித் தரம் வகுத்திருக்கிறது. இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வர அது ஒரு வாசல். ஒரே ஆள் தொடர்ந்து வந்தால் எந்த மூலையில் நீர் தேங்கும், எந்த மரம் எந்த மாதம் நோய்வாய்ப்படும் என்பது அவருக்கு மனப்பாடமாகிவிடும். அந்த அறிவுக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம்.

மண்ணும் நீரும்

புதுவீட்டுக் கொல்லை மண்ணில் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். அதை ஓரடி ஆழம் கொத்திப் பொறுக்கி, தொழு உரமோ மண்புழு உரமோ சேர்த்து, தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கிவிட்டால் மண் தேறும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனையில் கார அமிலத் தன்மை, உப்பு, சத்துகள் தெரியும். பட்டுக்குச் சாயம் ஏற்றிய தொட்டி முன்பு இருந்த கொல்லையானால் கூடுதல் கவனம் வேண்டும். சாதாரணப் பரிசோதனை கன உலோகங்களைக் காட்டாது. அதற்குத் தனி ஆய்வகத்தை நாடவேண்டும். முடிவு தெரியும் வரை அங்கே கீரையும் கிழங்கும் வேண்டாம். பூச்செடி வைக்கலாம், காய்கறியைப் புது மண் நிரப்பிய தொட்டியில் வளர்க்கலாம்.

எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2003-இல் ஆணையிட்டது. அப்போது அமைத்த குழிகளில் பல இன்று தூர்ந்துகிடக்கின்றன. ஆவணி முடிவதற்குள் மேல்மணலை எடுத்துக் கழுவிப் போடுவதையும், மாடிக் குழாயின் வலையைச் சுத்தம் செய்வதையும் தோட்டக்காரரின் ஆண்டு வேலைகளில் சேர்த்துவிடலாம். பழைய கிணறு இருந்தால் அதை மூடவேண்டாம்; வடிகட்டிய மழைநீரை அதற்குள் விடுவதைவிடச் சிறந்த சேமிப்பு இல்லை. குளியல் நீரைக் கல்வாழை, சேம்பு நட்ட பாத்தி வழியாக வாழைக்கு விடலாம். கழிவறை நீரும் கடும் சோப்பு நீரும் அதில் கலக்கக்கூடாது.

காய்ந்த இலையைச் செடியடியில் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும், களை குறையும், மண்புழு வரும். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப்போன பாடங்களில் இது முதன்மையானது. இலையைக் கூட்டிக் கொளுத்துவது திடக்கழிவு மேலாண்மை விதிகளுக்கும் முரணானது. பச்சைக் கழிவு ஒரு பங்குக்கு உலர்ந்த இலை இரண்டு பங்கு, இடையிடையே கைப்பிடி மண், புட்டுமாவு பதத்தில் ஈரம், வாரம் ஒருமுறை கிளறல். இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயார்.

எதை நடுவது?

இரண்டு சென்ட் கொல்லைக்கு ஒரு பெருமரம் போதும். நாவல், வேம்பு, புங்கம் ஆகியவற்றில் ஒன்றை வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளி மேற்குப் பக்கம் வைத்தால் பிற்பகல் வெயிலைத் தடுக்கும். இடம் குறைந்தால் பவழமல்லி, மாதுளை, எலுமிச்சை, நெல்லி. முருங்கைக் கிளை எளிதில் முறியும். குழந்தைகள் நடமாடும் வழியில் வைக்கவேண்டாம். நொச்சி, ஆடாதோடை, மருதாணி வேலிக்கு உதவும். ஆடு மேயாது, மருந்துக்கும் ஆகும்.

வேகமாக வளர்கிறது என்பதற்காக எதையும் நட்டுவிடக்கூடாது. சீமைக்கருவேலம் எப்படிப் பரவியது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. அயல் களைத் தாவரங்களை அகற்ற மாநில அரசு 2022-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. அலங்கார வேலியாக விற்கப்பட்ட கோனோகார்பஸ் மரத்தை குஜராத் 2023-இல் தடைசெய்தது. தமிழ்நாடும் 2025-இல் அதே முடிவுக்கு வந்தது. நர்சரியிலோ காண்ட்ராக்டரின் பட்டியலிலோ அது இருந்தால் மறுத்துவிடவேண்டும். கொல்லையில் பனை நின்றால் அது பெரும் பேறு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது.

பூச்சி: பொறுமை தந்த பாடங்கள்

பூச்சியைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுவது பழக்கமாகிவிட்டது. அண்மைக்கால அனுபவங்கள் இரண்டு வேறு வழியைக் காட்டுகின்றன. 2008 வாக்கில் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியையும், மரவள்ளியையும், பட்டுப்புழுவின் உணவான மல்பெரியையும் சூறையாடியது. மருந்துகள் தோற்றன. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டபிறகு மாவுப்பூச்சி வெகுவாக அடங்கியது. மருந்து அடித்த தோட்டங்களில் குளவியும் சேர்ந்து மடிந்தது என்பதே அதில் கிடைத்த பாடம்.

அடுத்தது தென்னைச் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் பதிவாகி, மாநிலமெங்கும் பரவியது. ஓலையடியில் வெண்சுருள், அதன் கீழுள்ள இலைகளில் கரும்பூசணம், பக்கத்துச் செடியெல்லாம் கருமை. இதற்கும் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது எளிய வழிகளே: மஞ்சள் ஒட்டும்பொறி, ஓலையின் அடிப்புறத்தில் வேகமாக நீர் தெளித்தல், கரும்பூசணம் உதிர லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த கஞ்சித் தெளிப்பு, என்கார்சியா ஒட்டுண்ணியைக் காப்பது. காண்டாமிருக வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்து குருத்தோலை மட்டை இடுக்குகளில் இடலாம். எருக்குழியைக் கிளறி வண்டின் புழுக்களைப் பொறுக்கினால் அடுத்த தலைமுறையே குறையும்.

களைக்கொல்லி கொல்லைக்கு ஆகாது. கிளைபோசேட்டைப் பதிவுபெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் வழியாகத் தவிரப் பயன்படுத்தக்கூடாது என்று மத்திய அரசு 2022-இல் ஆணையிட்டது. கிணறும் குழந்தையும் கோழியும் உள்ள இடத்தில் களைக்கொட்டே பாதுகாப்பான கருவி.

கொசுவும் பாம்பும்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. பூந்தொட்டித் தட்டிலும், தேங்காய்ச் சிரட்டையிலும், மூடாத தொட்டியிலும் தேங்கும் தெளிந்த நீரே அதற்கு வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும். உலர்ந்த தட்டில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; நீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

பாம்பு வருவது எலிக்காகத்தான். விறகும் செங்கல்லும் சுவரோரம் குவியாமல் இருந்தாலே பாதி அச்சம் தீரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சையும் சேகரித்து விஷமுறிவு மருந்துக்குத் தருகிறது வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். கடி நேர்ந்தால் கட்டுப்போடாமல், கீறாமல், உடனே அரசு மருத்துவமனைக்குப் போவது ஒன்றே வழி. தோட்டக்காரருக்கு முழங்கால் வரை காலணி வாங்கிக் கொடுப்பது அதற்கு முந்தைய வழி.

எதிர்வாதங்கள்

இவ்வளவும் செய்ய நேரமில்லை என்பது முதல் தடை. இரண்டு சென்ட் கொல்லைக்குத் தோட்டக்காரரின் மாதம் இரண்டு அரைநாளும், வீட்டாரின் தினம் பத்து நிமிடமும் போதுமானவை. ஆள் கிடைப்பதில்லை என்பது இரண்டாவது. ஒரு வீடு மட்டும் எப்போதாவது அழைத்தால் கிடைக்கமாட்டார். ஒரு தெருவில் எட்டுப் பத்து வீடுகள் சேர்ந்து நாள் பங்கிட்டு அழைத்தால் ஒருவருக்கு மாதத்தில் எட்டுப் பத்து நாள் உறுதியான வேலை கிடைக்கும், அவரும் நிலையாக வருவார். செலவு கட்டாது என்பது மூன்றாவது. புல்தரைக்கு ஒரே தவணையில் கொட்டும் பணத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கவலை தீரும்.

வீட்டுக்காரரால் மட்டும் ஆகாத காரியங்களும் உண்டு. பேணப்படும் திறந்த மண்ணுக்கும் மழைநீர்க் குழிக்கும் சொத்துவரியில் சிறு சலுகை, தெருவுக்கொரு தோட்டக்கழிவு உரக்கூடம், தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பட்டியல், மரம் ஏறுவோருக்குக் காப்பீட்டு முகாம் ஆகிய நான்கையும் மாநகராட்சி ஏற்று நடத்தலாம். தோட்டக்கலைத் துறை தன் பயிற்சிகளை வீட்டுக்காரர்களோடு கூலித் தோட்டக்காரர்களுக்கும், அன்றைய கூலியை ஈடுசெய்து, கொடுக்கலாம். கோயில்கள் தங்கள் நந்தவனங்களை அந்தப் பயிற்சிக்குக் களமாக்கலாம்.

மூன்று வழிகளையும் நிறுத்துப் பார்த்தபின் கிடைக்கும் முடிவு இதுதான். சிமென்ட் நடைபாதைக்கு ஆகும். புல் விளையாட்டு மூலைக்கு ஆகும். கொல்லையின் பெரும்பகுதி மண்ணாக, மரமாக, பாத்தியாக இருக்கவேண்டும். அந்த மண்ணைப் பேணுபவருக்கு மாதம் தவறாமல் கூலி போகவேண்டும். தோட்டத்துக்கு நிலம் விடும்போதே தோட்டக்காரரின் சோற்றுக்கும் நிலம் விட்ட ஊர்களின் வழிவந்தவர்கள் நாம். இந்த ஐப்பசி மழைக்கு முன் நம் தெருவிலுள்ள அண்டை வீடுகளோடு பேசி, ஒரு தோட்டக்காரரை நிலையான கூலிக்கு அமர்த்துவதிலிருந்து தொடங்கலாம்.